பிறப்புச் சான்றிதழ் பொய் சொல்லுமா?

1980களின் தொடக்கம். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போதே பெரிய பணக்காரர். ஆனால் தன்னைப் பெற்றவள் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. 1955-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்டவர் அவர். துப்பறிவாளர் ஒருவரை வைத்துத் தேடிப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் தன் பிறப்புச் சான்றிதழையே எடுத்துப் பார்த்தார். அதில் பெற்ற தாயின் பெயர் இல்லை. ஆனால் பிரசவம் பார்த்த டாக்டரின் பெயர் இருந்தது! டெலிபோன் டைரக்டரியில் அந்த டாக்டரின் நம்பரும் இருந்தது.

போன் செய்தார். "பழைய ரெக்கார்டெல்லாம் தீ விபத்தில் எரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். அது பொய். போனை வைத்த கையோடு அவர் ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் மரணத்துக்குப் பிறகு ஸ்டீவ் ஜாப்ஸிடம் சேர்க்கவும் என்று மேலே எழுதி வைத்தார். கொஞ்ச நாளில் அவர் இறந்துபோக, அவர் மனைவி அந்தக் கடிதத்தை ஜாப்ஸுக்கு அனுப்பினார். தாயின் பெயர் அதில் இருந்தது. 2011-இல் வெளிவந்த வால்டர் ஐசாக்சன் எழுதிய ஜாப்ஸ் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

எல்லோரும் இதை ஒரு சுவாரசியமான கதையாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் பெற்ற தாயின் பெயர் ஏன் இல்லை? டாக்டரின் பெயர் மட்டும் எப்படித் தப்பியது? அந்த ஒரு பெயரும் விட்டுப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேருக்கு இந்தக் கேள்வி கதை இல்லை, வாழ்க்கைப் பிரச்சினை.

முதலில் அந்தக் காகிதம் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்ததும் மற்ற குழந்தைகளைப் போலவே அதற்கும் ஒரு சான்றிதழ் பதிவாகும். பிறகு அந்தக் குழந்தையை யாராவது சட்டப்படி தத்தெடுத்தால், கோர்ட் உத்தரவு பதிவாளருக்குப் போகும். அவர் புதிதாக இன்னொரு சான்றிதழ் தயாரிப்பார். அதில் குழந்தையின் புதுப் பெயர் இருக்கும். பெற்றோர் என்ற இடத்தில் வளர்ப்புப் பெற்றோர் பெயர் இருக்கும். தத்து என்ற வார்த்தை எங்கும் இருக்காது. அந்தத் தாயே அந்த நாளில் அந்தக் குழந்தையைப் பெற்றெடுத்த மாதிரி இருக்கும். இதைத்தான் திருத்தப்பட்ட பிறப்புச் சான்றிதழ் என்கிறார்கள். பழைய சான்றிதழ்? அதை உறையிலிட்டு சீல் வைத்துப் பதிவு அலுவலகத்தில் பூட்டிவிடுவார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டில் ஒரு பதிவு தவறாகிவிட்டால் அதை அழித்துவிட்டு மேலே எழுதக் கூடாது. பழையது அப்படியே இருக்க வேண்டும், திருத்தப் பதிவு தனியாகப் போட வேண்டும். பின்னால் வரும் தணிக்கையாளர் இரண்டையும் பார்க்க முடிய வேண்டும். இங்கே நடந்ததோ நேர் எதிர். அதுவும் முதல் பதிவில் தவறே இல்லாதபோது!

இது எப்படி வந்தது? ஆச்சரியம் என்னவென்றால், நல்ல எண்ணத்தில்தான் வந்தது.

அமெரிக்காவில் நவீன தத்துச் சட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது மாசசூசெட்ஸ் மாநிலம், 1851-இல். அப்போது ரகசியம் எதுவும் இல்லை. கோர்ட் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1917-இல் மின்னசோட்டா மாநிலம்தான் முதன்முதலில் தத்து ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடியது. அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் நோண்டக் கூடாது என்பதற்காகத்தானே தவிர, சம்பந்தப்பட்டவர்களுக்கு எதிராக இல்லை.

பிறப்புச் சான்றிதழ் என்பதே அந்த நாட்டில் அப்போது புதுசு. மத்திய அரசின் பிறப்புப் பதிவு வட்டம் 1915-இல் வெறும் 10 மாநிலங்களோடு ஆரம்பித்தது. எல்லா மாநிலங்களும் அதற்குள் வர 1933 ஆகிவிட்டது. சான்றிதழ் பரவப் பரவ, அதைக் கேட்கிற இடங்களும் கூடின. பள்ளியில் சேர்க்கக் கேட்டார்கள், வேலைக்குக் கேட்டார்கள், பாஸ்போர்ட்டுக்குக் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரவும் கேட்டார்கள்.

சிக்கல் இங்கேதான். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தை என்றால் பல மாநிலங்களில் 'முறைகேடாகப் பிறந்தது' என்றே சான்றிதழில் எழுதிவிடுவார்கள். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க எங்கே காகிதத்தை நீட்டினாலும், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற கிளார்க் முதலில் படிப்பது அதைத்தான். டெக்சாஸ் மாநிலத்தில் எட்னா கிளாட்னி என்ற பெண்மணி இதற்காகப் போராடி 1936-இல் அந்த வார்த்தையைச் சான்றிதழிலிருந்து எடுக்க வைத்தார். அவர் கதையை 1941-இல் ஹாலிவுட்டில் படமாகவே எடுத்தார்கள்.

1930களின் தொடக்கத்தில் ஷெல்டன் ஹோவர்டு, ஹென்றி ஹெமன்வே என்ற இரண்டு பதிவுத்துறை அதிகாரிகள் ஒரு யோசனை சொன்னார்கள். தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்குப் புதுச் சான்றிதழ் கொடுத்துவிடுவோம், பழையதை சீல் வைத்துப் பத்திரமாக வைப்போம் என்பதுதான் அது. ஊர் வாயை மூடத்தான் இந்த ஏற்பாடு. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையே வந்து கேட்டாலும் காட்டக் கூடாது என்பது அவர்கள் நோக்கம் இல்லை. இந்த யோசனை காட்டுத்தீ மாதிரி பரவியது. தத்து வரலாற்றை ஆராய்ந்த வேய்ன் கார்ப் சொல்லும் கணக்குப்படி, 1941-க்குள் 35 மாநிலங்கள் புதுச் சான்றிதழ் கொடுக்கச் சட்டம் போட்டுவிட்டன.

1949-இல் மத்திய அரசின் குழந்தைகள் நலப் பணியகம் வெளியிட்ட வழிகாட்டுதலும், வயதுக்கு வந்த தத்துப்பிள்ளைக்குத் தன் அசல் பதிவைப் பார்க்க உரிமை உண்டு என்ற நிலையில்தான் இருந்தது. ஜீன் பேட்டன் என்ற சமூகப் பணியாளர் ஓர் உதாரணம். 1908-இல் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட அவர், 1942-இல் டெட்ராய்ட் கோர்ட்டுக்குப் போய்த் தன் ஆவணத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தாயின் பெயரை அதில் படித்தவர், 1955-இல் தாயை நேரிலும் சந்தித்தார். அப்போது அவருக்கு 47 வயது.

பிறகு கதவு மூட ஆரம்பித்தது. கலிபோர்னியா 1935-இலேயே மூடிவிட்டது. நியூயார்க்கும் 1930களிலேயே மூடிவிட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. 1960 வாக்கில்கூட சுமார் 40 சதவீத மாநிலங்களில் வயதுக்கு வந்தவர் கேட்டால் அசலைக் கொடுக்கும் சட்டம் இருந்தது என்று எலிசபெத் சாமுவேல்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் கணக்கெடுத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் மிச்சமிருந்தவையும் மூடின. பென்சில்வேனியா 1984-இல் மூடியது. அலபாமா 1991-இல்! "அந்தக் காலத்து வழக்கம்" என்று யாராவது சொன்னால் இந்த வருஷத்தைக் காட்டலாம். கடைசிவரை மூடாமலே இருந்தவை அலாஸ்காவும் கன்சாஸும் மட்டும்தான். அங்கே அதனால் தத்து நின்றுபோய்விடவும் இல்லை, குடும்பங்கள் உடைந்துபோய்விடவும் இல்லை.

ஏன் மூடினார்கள்? பெற்ற தாய் பின்னாளில் வந்து குழந்தையைக் கேட்டுத் தொந்தரவு செய்துவிடுவாளோ என்ற வளர்ப்புப் பெற்றோரின் பயம்தான் ஆரம்பத்தில் பெரிய காரணம். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தத்துக் குடும்பம் என்றால் அது சொந்தக் குடும்பம் போலவே தெரிய வேண்டும், பழையதைத் தேடுகிற பிள்ளைக்கு மனநிலையில் ஏதோ கோளாறு என்ற எண்ணம். 1945 முதல் 1973 வரை கல்யாணமாகாத பெண்கள் சுமார் 15 லட்சம் பேர் குழந்தையைத் தத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு மதிப்பீடு. அவர்களில் பலரை அழைத்துப் பேசி ஆன் ஃபெஸ்லர் 2006-இல் ஒரு புத்தகம் எழுதினார். ரகசியம் காக்க வேண்டும் என்று தாய்களே கெஞ்சினார்கள் என்கிற பிம்பம் அதைப் படிக்கும்போது ஆட்டம் காண்கிறது. அவர்களுக்கு வேறு வழியே கொடுக்கப்படவில்லை.

ரகசியத்தால் யார் லாபம் அடைந்தார்கள் என்று பார்த்தால் மெம்பிஸ் நகரக் கதை வந்து நிற்கும். ஜார்ஜியா டான் என்ற பெண் அங்கே 1920களிலிருந்து 1950 வரை ஒரு குழந்தைகள் இல்லத்தை நடத்தினார். ஏழைகளின் குழந்தைகளை ஏமாற்றியும் மிரட்டியும் எடுத்து, வசதியானவர்களுக்குக் காசுக்குக் கொடுத்தார். ஆவணங்களில் பெயர், ஊர், குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். 1950 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது அவர் புற்றுநோயில் சாகக் கிடந்தார். சில நாட்களில் இறந்தும் போனார். எந்தத் தண்டனையும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அசல் ஆவணங்கள் கிடைக்க 1990கள் ஆகிவிட்டன.

சரி, திருத்தப்பட்ட சான்றிதழில் எவையெல்லாம் காணாமல் போகின்றன? பெற்றோர் பெயர் மட்டும்தான் என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை.

பழைய அமெரிக்கப் பிறப்புப் படிவத்தில் நிறையக் கேள்விகள் உண்டு. தாய் தந்தையின் வயது, பிறந்த ஊர், தொழில், முகவரி. பிறந்தது தனிக் குழந்தையா, இரட்டையா? இரட்டை என்றால் முதலில் பிறந்ததா, இரண்டாவதா? இந்தத் தாய்க்கு இதற்கு முன் எத்தனை குழந்தைகள், அதில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கின்றன? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். தனக்கு அண்ணனோ அக்காவோ இருக்கிறார்களா என்பதற்கான பதில் அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது. அசலோடு அதுவும் பூட்டுக்குள் போய்விடுகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் விடுபடுவதும் மாறும். ஒன்றில் மருத்துவமனை பெயர் இருக்காது. இன்னொன்றில் டாக்டர் பெயர் இருக்காது. வேறொன்றில் பிறந்த நேரம் இருக்காது. இன்னும் சில மாநிலங்களில், பிறந்த ஊரையே மாற்றி வளர்ப்புப் பெற்றோர் வசித்த ஊரைப் போடவும் சட்டம் அனுமதித்தது. அதாவது கால் வைக்காத ஊரில் பிறந்ததாக அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுக்கும்! ஜாப்ஸ் விஷயத்தில் டாக்டர் பெயர் விட்டுவைக்கப்பட்டிருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

தேதியும் ஒரு தலைவலி. அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் காட்டினால், பிறந்து ஒரு வருஷத்துக்குள் பதிவானதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் அது தாமதப் பதிவு, வேறு ஆதாரம் கொண்டு வா என்பார்கள். மூன்று வயதில் தத்தெடுக்கப்பட்ட ஒருவரின் புதுச் சான்றிதழில் புதுப் பதிவுத் தேதி மட்டும் இருந்தால்? உடனே பதிவான அசல் ஒன்று பூட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக் காட்ட அவரால் முடியாது. 2007-இல் கனடா, மெக்சிகோவிலிருந்து விமானத்தில் திரும்பவும் பாஸ்போர்ட் கட்டாயமானதும் இந்தத் தொல்லை இன்னும் அதிகம் பேருக்கு வந்தது.

இதையெல்லாம் விடப் பெரியது உடல்நலம். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், இளவயது மாரடைப்பு உண்டா என்று டாக்டர் கேட்கும்போது தெரியாது என்பதைத் தவிர இவர்களிடம் வேறு பதில் இல்லை. அந்தத் தகவல் சான்றிதழில் எழுதியிருக்காதுதான். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும், ஆளைக் கண்டுபிடிக்க ஒரு பெயர் வேண்டும்.

எதிர்ப்பு மெதுவாகத்தான் கிளம்பியது. மேலே சொன்ன ஜீன் பேட்டன் 1954-இல் வெளியிட்ட புத்தகம்தான் தொடக்கம் என்பார்கள். வயதுவந்த தத்துப்பிள்ளைகளையே பேச வைத்த புத்தகம் அது. 1971-இல் நியூயார்க்கில் ஃபிளாரன்ஸ் ஃபிஷர் என்பவர் ஆல்மா என்ற அமைப்பைத் தொடங்கினார். பேட்டனுக்கு ஒரே நாளில் கிடைத்ததைத் தேட இவருக்கு சுமார் 20 வருஷம் ஆனது. இரண்டு பேருக்கும் நடுவில் சட்டம் மாறியிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஆல்மா அமைப்பு வழக்கும் போட்டது. அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக்கூட வாதத்தில் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குப் பெற்றோர் யார் என்றே தெரியாமல் உறவை அறுப்பது அடிமை முறையின் மிச்சம் என்றார்கள். 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. 1980-இல் மத்திய அரசு வகுத்த மாதிரிச் சட்ட வரைவில் அசலைத் திறந்துவிடும் பிரிவு இருந்தது, இறுதி வடிவத்தில் அது காணாமல் போனது. 1994-இல் வேறொரு மாதிரிச் சட்டம் வந்தது. அது 99 வருஷத்துக்குப் பூட்டி வைக்கச் சொன்னது. 99 வருஷம் கழித்து யார் வந்து பார்ப்பார்களாம்?

இதே காலத்தில் பிரிட்டனில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் 1930-ஆம் வருஷச் சட்டமே 17 வயதானவர் தன் அசல் பதிவைப் பார்க்கலாம் என்றது. இங்கிலாந்து 1975-இல் சட்டம் போட்டுக் கதவைத் திறந்தது. அங்கே தத்தெடுத்தவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. பிறப்புப் பதிவையே மாற்றி எழுதுகிற வேலை இல்லை.

அமெரிக்காவில் திருப்பம் 1998-இல் வந்தது. ஓரிகன் மாநிலத்தில் ஹெலன் ஹில் என்ற தத்துமகள் முன்னின்று, 'மெஷர் 58' என்ற பெயரில் மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டுபோனார். சட்டசபை வேண்டாம், மக்களே சொல்லட்டும் என்று. சுமார் 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பெற்ற தாய்கள் சிலர் பெயர் வெளியிடாமல் வழக்குப் போட்டார்கள். எங்களுக்கு ரகசியம் தருவதாக வாக்குக் கொடுத்தார்களே என்பது அவர்கள் வாதம். அவர்கள் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கணவனிடம்கூடச் சொல்லாமல் 30, 40 வருஷம் மறைத்து வைத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2000 மே மாதக் கடைசியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்த வாக்குறுதி பற்றி ஒரு விஷயம். அசல் சான்றிதழ் எப்போது பூட்டப்படுகிறது? தாய் குழந்தையை ஒப்படைக்கும்போது இல்லை. கோர்ட் தத்தை உறுதி செய்யும்போதுதான். யாரும் தத்தெடுக்காமல் அந்தக் குழந்தை விடுதியிலேயே வளர்ந்தால், தாயின் பெயரோடு அசல் சான்றிதழ் அப்படியே கைக்கு வரும். ஒரே மாதிரிக் கையெழுத்துப் போட்ட இரண்டு தாய்களில் ஒருத்திக்கு ரகசியம், இன்னொருத்திக்கு இல்லை. இது தாய்க்குக் கொடுத்த வாக்கு என்றால் எப்படிப் பொருந்தும்? சாமுவேல்ஸ் பின்னாளில் இப்படிப்பட்ட 75 ஒப்படைப்புப் பத்திரங்களைத் தேடி எடுத்துப் படித்தார். பிள்ளைக்குத் தெரியாமல் உன் பெயரைக் காப்போம் என்ற வாக்குறுதி ஒன்றிலும் இல்லை.

ஓரிகனுக்குப் பிறகு வரிசை நகர்ந்தது. 2000-இல் அலபாமா, 2005-இல் நியூ ஹாம்ப்ஷயர், 2009-இல் மெய்ன், 2020 ஜனவரியில் நியூயார்க். மாசசூசெட்ஸ் கதை வேடிக்கை. 2007-இல் போட்ட சட்டத்தில் 1974 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2008-க்குப் பின் பிறந்தவர்களுக்கும் மட்டும் அசல் உண்டு என்றார்கள். நடுவில் பிறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அந்த ஓட்டையை அடைக்க 2022 ஆனது. 1917-இல் முதலில் திரை போட்ட மின்னசோட்டா 2024 ஜூலையில் திறந்துவிட்டது. இப்போது நிபந்தனை இல்லாமல் கொடுக்கும் மாநிலங்கள் 15-க்கு மேல்.

பாதி திறந்த மாநிலங்களும் உண்டு. இலினாய், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்றவற்றில், பெற்ற தாய் தன் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்க வழி வைத்தார்கள். அப்படி ஒருவர் கேட்டிருந்தால், பல வருஷம் காத்திருந்து கையில் வாங்கும் அசல் சான்றிதழிலும் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். முதல் காகிதத்தில் வேறு பெயர், இரண்டாவதில் வெற்றிடம்.

எல்லாம் சரியாகக் கிடைத்தாலும் ஒரு கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. தகப்பன் பெயர். கல்யாணமாகாத தாய் என்றால், அவன் சம்மதம் இல்லாமல் பெயரை எழுதக் கூடாது என்று பல மாநிலங்களில் விதி இருந்தது. அதனால்தான் அசல் கையில் வந்த பிறகும் பலர் 23அண்ட்மீ, ஆன்செஸ்ட்ரி போன்ற கம்பெனிகளுக்கு எச்சில் மாதிரியை அனுப்புகிறார்கள். ஒரு சித்தப்பா மகனோ அத்தை மகளோ பட்டியலில் வந்தால் போதும், அங்கிருந்து பிடித்துக்கொண்டு போய்விடலாம். அரசாங்கம் பூட்டி வைத்திருப்பதை ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி திறந்துவிடுகிறது.

ஜாப்ஸ் பிறந்த கலிபோர்னியா? 1935-இல் போட்ட பூட்டு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அங்கே அசல் சான்றிதழ் வேண்டும் என்றால் கோர்ட்டுக்குப் போய், தகுந்த காரணம் காட்டி உத்தரவு வாங்க வேண்டும்.